டைகர் குரைப்பது அங்கிளுக்குக் கேட்பதில்லை

கேள்வி:

டொக்டர், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா. பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அங்கிள் தனியே இருக்கிறார். மனைவி இல்லை, பிள்ளைகள் மெல்பேர்னில். காதில் மெஷின் போட்டிருப்பார், முழங்கால் வருத்தம், கண்டால் சிரிப்பார். அவரிடம் டைகர் என்று எட்டு வயது அல்சேஷன் நாய் ஒன்று. பகலும் இரவும் எங்கள் படுக்கையறை யன்னலுக்கு நேர் கீழே, மதிலோடு சங்கிலியில் கட்டியிருக்கும்.

இரவு சமையலறையைக் கழுவி, குப்பைப் பையை ஒழுங்கை முனையில் வைத்துவிட்டு வந்து கண்ணயரும்போது தொடங்கும். பதினொன்றேகால் இருக்கும். பிறகு இரவு இரண்டு மணி போல ஒருமுறை. பிறகு விடிய நாலே முக்காலுக்கு. அங்கிளிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். "என் நாய் இரவில் குரைப்பதே இல்லையே" என்று முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார்.

போன வெள்ளிக்கிழமை மகன் ரியூசன் முடிந்து வரும்போது, அங்கிள் ஓட்டோ வரவென்று கேற்றைத் திறந்திருக்கிறார். டைகர் ஓடிவந்து மகனின் காற்சட்டையைக் கிழித்துவிட்டது. கெண்டைக்காலில் கீறல், கொஞ்சம் இரத்தம். டெட்டோல் போட்டோம். ஊசி போட்ட நாய்தான் என்று அங்கிள் சொன்னார். காற்சட்டைக்கு ஆயிரம் ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை.

கணவர் பொலிசுக்குப் போவோம் என்கிறார். அடுத்த நிமிடமே, வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு ஏன் வம்பு என்கிறார். தமிழ் ஆட்கள் என்றபடியால்தான் கணக்கெடுக்கிறாரில்லை என்றும் சொல்கிறார். கனடாவில் இருக்கும் மைத்துனர் நாயை அடக்க ஏதோ ஒலிக் கருவி அனுப்புகிறாராம். எதிர்வீட்டு அக்கா காதுக்குள் வேறொரு வழி சொன்னார், எழுதக் கை கூசுகிறது. அம்மா மட்டும், "குரைக்கிற நாய் கடிக்காது பிள்ளை, வைரவருடைய வாகனம், விடு" என்கிறார். பின்னேரம் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண் வண்டி வந்தாலும் டைகர் ஊளையிடுகிறது, அது வேறு தலையிடி. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

இந்தக் கடிதத்தை வாசித்த அன்றே ஆசிரியரிடம் சொல்லி இவருக்குத் தொலைபேசி எடுக்க வைத்தேன். பதில் வெளிவரும் வரை இருக்க வேண்டாம், மகனை இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள் என்பதுதான் செய்தி. களுபோவிலைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அங்கே டொக்டர் காயத்தைப் பார்த்து வேண்டியதைச் செய்திருக்கிறார். அதனால்தான் மீதியை நான் இப்போது ஆறுதலாக இருந்து எழுத முடிகிறது.

அம்மணி, உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் இருக்கின்றன. ஒன்று சத்தம், மற்றது பல். நீங்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருக்கிறீர்கள். மிருக வைத்தியனான என்னிடம் வரும் அயல்வீட்டு நாய்ச் சண்டைகளில் முக்கால்வாசி இப்படித்தான் வருகின்றன, இப்படி வந்துதான் கெட்டும் போகின்றன. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நாய்க்காரர் லேசான பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். "நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்" என்பார். கடித்த கதை அதற்குள் அமுங்கிவிடும். ஆகவே பிரித்துவிடுவோம். சத்தத்துக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். பல்லுக்கு ஓர் இரவும் பொறுக்கக் கூடாது.

பல்லைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை நீங்கள் செய்யத் தவறியது பைப்படியில் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை. நாய்ப்பல் பட்டு, தோல் கீறுப்பட்டாலே, பைப்பைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள்; பிள்ளை அழும்போது இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தெரியும். விசர்நாய்க்கடிக் கிருமியைக் காயத்திலேயே குறைத்துவிட இதைவிட நல்ல வேலை வீட்டில் கிடையாது. டெட்டோல் அதற்குப் பிறகுதான். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். பிறகு நேரே அரசாங்க வைத்தியசாலைக்கு. தடுப்பூசி அங்கே இலவசம். ஊசி வேண்டுமா, எத்தனை, எப்போது என்பதை டொக்டர் சொல்லட்டும். அங்கிளோ நானோ அம்மாவோ சொல்லக் கூடாது.

"ஊசி போட்ட நாய்தான்" என்ற பேச்சை நான் ஒரு சாட்சியாக எடுப்பதில்லை. என் மேசையில் நாயைத் தூக்கி வைத்துவிட்டு, "போன வருடம்தான் போட்டது டொக்டர்" என்பார்கள். அட்டையை விரித்துப் பார்த்தால் மூன்று வருடம் ஓடியிருக்கும். பொய்யில்லை, நாய்க்கு வயது போவது ஒருவருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். இந்த ஊசி வருடத்துக்கு ஒரு தரம். கேட்கவேண்டியது அந்த அட்டையை. அதில் கடைசித் திகதியையும் மிருக வைத்தியரின் கையெழுத்தையும் உங்கள் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியசாலையிலும் அது உதவும்.

அப்புறம் 14 நாள் கணக்கு. கடித்த நாயை 14 நாள் கண்பார்வையில் வைத்திருக்கச் சொல்வது ஏன் என்று பலருக்கு விளங்குவதில்லை. விசர் பிடித்த நாயின் எச்சிலில் கிருமி வருவது, அது நோயைக் காட்டுவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால்தான். காட்டத் தொடங்கிய பின் நாய் அதிக நாள் தாங்காது. ஆகவே கடித்து 14 நாளுக்குப் பிறகும் நாய் சோறு தின்று வாலாட்டிக்கொண்டு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று அர்த்தம். இது நாய்க்கான கணக்கு. மனிதருக்கான ஊசியை இதைச் சொல்லிக்கொண்டு தள்ளிப் போடாதீர்கள். உங்களைப் பொறுத்தவரை விசேஷம் என்னவென்றால், அந்த 14 நாளும் டைகர் இருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்கவே தேவைப்படவில்லை. இரவு மூன்று நேரமும் தானே வந்து கையெழுத்து வைத்ததாக ஆசிரியரிடம் சொன்னீர்களாம். டைகரின் குரைப்பால் உங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த நாட்களுக்குள் நாய் செத்தாலோ, காணாமற் போனாலோ, குரல் கம்மினாலோ, வாயில் வீணி வடிந்தாலோ, வழமைக்கு மாறாகக் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்தாலோ உடனே வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும். செத்த நாயை அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். மாநகர சபையின் கால்நடை வைத்தியப் பிரிவுக்கோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொன்னால், தலையைப் பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வழி செய்வார்கள். விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்பதும் பிழை. அந்தப் பயம் நோய் வந்த மனிதருக்கு. விசர் பிடித்த நாய் சட்டியில் தண்ணீர் குடிப்பதை நானே கண்டிருக்கிறேன்.

கேற் விஷயத்துக்கு வருவோம். டைகர் உங்கள் மகனைக் கடித்தது குணத்தால் மட்டுமல்ல. ஒரு நாயை வருடக்கணக்காக ஆறடிச் சங்கிலியில் கட்டினால் அதற்கு ஓடித் தப்பும் வழி கிடையாது. எதிர்த்து நிற்பது ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அது நாள் முழுக்கப் பழகுகிறது. பிறகு ஒருநாள் சங்கிலி கழன்று, கேற் திறந்து, எதிரே ஒரு பெடியன் பையோடு ஓடினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அங்கிளிடம் கேட்கவேண்டியதும் அதனால் சின்ன விஷயம்தான். நாயை உள்ளே அடைத்த பிறகுதான் கேற்றைத் திறக்க வேண்டும். கேற்றுக்கு உள்பக்கம் இடுப்பளவில் இன்னொரு சின்னக் கம்பிக் கேற் போட்டால் இன்னும் நல்லது. ஒட்டுக்காரர் ஒரு நாளில் செய்து தருவார். சங்கிலிக் கொழுவியையும் மாற்றச் சொல்லுங்கள். கடற்கரைக் காற்றில் அந்த மலிவான கொழுவிகள் ஒரு வருடத்தில் துரு ஏறிக் கையோடு வந்துவிடும். வெள்ளிக்கிழமை டைகரின் சங்கிலி எப்படிக் கழன்றது என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனுக்கும் இரண்டு வார்த்தை. ஓடாதே தம்பி. ஓடினால் அதற்கு விளையாட்டு, இல்லாவிட்டால் வேட்டை. நில். புத்தகப் பையை முன்னால் பிடி. நாயின் கண்ணைப் பார்க்காதே, கத்தாதே, பக்கவாட்டில் மெல்ல மெல்லப் பின்னுக்கு வா. விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கையால் மூடு. தெருநாய்க்குக் கல்லெடுக்கக் குனிவது போலக் குனிந்தால் அது ஓடும், ஏனென்றால் எங்கள் ஊர்த் தெருநாய்கள் கல்லின் ருசி அறிந்தவை. அல்சேஷனுக்கு அந்தப் பாடம் தெரியாது. குனிந்தால் உன் முகம் அதன் வாய்க்குக் கிட்ட வரும். அம்மம்மாவின் பழமொழியையும் நம்பாதே. குரைக்கிற நாய் நன்றாகக் கடிக்கும்.

இனிச் சத்தம். இதில் எனக்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தெஹிவளையில் குடியிருந்த காலத்தில் லக்கி என்று ஒரு கலப்பு நாய் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருநாள் பயிற்சிக் கொப்பி ஒன்றோடு வந்தார். திகதி, நேரம், எத்தனை நிமிடம் என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தார். "டீச்சர், என்னுடைய நாயா? இருக்காது" என்றேன். மிருக வைத்தியன் வீட்டு நாய் தொல்லை கொடுக்குமா என்ற மிதப்பு. அடுத்த நாள் ஒரு சந்தேகத்துக்காக, கசெட் ரெக்கோடரை அழுத்தி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு வந்து போட்டுக் கேட்டேன். கதவு சாத்தும் சத்தம், என் மோட்டார் சைக்கிள் போகும் சத்தம், பிறகு லக்கி. ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடி, டக்கென்று நிற்கும் வரை லக்கிதான். அடுத்த நாள் டீச்சர் வீட்டுப் படி ஏறினேன். நான் வீட்டில் இல்லாதபோதுதான் அது குரைத்தது. அதனாலேயே உலகத்தில் எனக்கு மட்டும் அது கேட்டதில்லை.

உங்கள் அங்கிள் விஷயத்துக்கு இதனால்தான் வருகிறேன். "காதில் மெஷின் போட்டிருப்பார்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த மெஷினைப் படுக்கும்போது கழற்றி வைப்பார்கள். என் தகப்பனாரும் கழற்றித் தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் போடுவார், பிறகு வீட்டுக்குள் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கிள் பொய் சொல்லவில்லை அம்மணி. அவரைப் பொறுத்தவரை டைகர் இரவில் ஒரு சத்தமும் போடாத பிள்ளை. நீங்கள் இரண்டு தரம் சொன்னதும் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். தனிமையில் இருப்பவருக்கு மிச்சமிருக்கும் ஒரே துணையைப் பற்றி, நடக்காத ஒன்றை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்கிறாள்.

ஆகவே வாதாட வேண்டாம், கேட்க வையுங்கள். உங்கள் யன்னலில் தொலைபேசியை வைத்து மூன்று இரவு பதிவு செய்யுங்கள். கூடவே ஒரு கொப்பியில் நேரத்தையும், அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். நாய் சும்மா குரைப்பதில்லை. நேரம் தவறாமல் குரைக்கிறது என்றால் நேரம் தவறாமல் ஏதோ வருகிறது.

பதினொன்றேகாலை எடுப்போம். கோபிக்க வேண்டாம், அந்தச் சத்தத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். பத்து மணி கழிய ஒழுங்கை முனையில் குப்பைப் பை போகிறது. உங்களுடையது மட்டுமல்ல, எல்லா வீட்டுப் பையும் போகும். மீன் முள், கோழி எலும்பு, பழைய சோறு. ஒரு மணித்தியாலத்துக்குள் மணம் பிடித்துக் காலி வீதிப் பக்கத்திலிருந்து தெருநாய்கள் வந்து பையைக் கிழித்துச் சண்டை பிடிக்கும். சங்கிலியில் நிற்கும் டைகருக்கு அது தன் வாசலில் நடக்கும் கொள்ளை. லொறி வருவதோ காலையில். ஒரு வாரம் பையைக் காலையில் கொண்டுபோய் வையுங்கள், இரவில் மூடியுள்ள வாளிக்குள் இருக்கட்டும். மற்ற வீடுகளையும் கேளுங்கள். பதினொன்றேகால் தானாகவே பின்னுக்குப் போகிறதா பாருங்கள்.

இரண்டு மணிச் சத்தத்துக்கு உங்கள் கூரையைத்தான் சந்தேகப்படுகிறேன். வெள்ளவத்தை ஓட்டு வீடுகளின் சீலிங்கில் மரநாய் குடியிருப்பது புதினமில்லை. தடதடவென்று ஓடும் சத்தமும் ஒரு காட்டமான மூத்திர நாற்றமும் இருந்தால் அதுதான். ஓடு விலகிய இடத்தை அடைத்தால் போதும். அடைக்கும்போது அது வெளியே போன நேரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே குட்டியோடு மாட்டிக்கொள்ளும், பிறகு நாய்ச் சத்தமே தேவலை என்று ஆகிவிடும்.

நாலே முக்கால் பேப்பர் போடும் தம்பி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் ஒழுங்கைக்குக் கீழே கரையோர ரயில் போகிறது. எவ்வளவு பெரிய சத்தம்! தண்டவாளத்தின் ஓரத்தில் படுத்திருக்கும் நாய்கள் அதற்குக் காதைக்கூட அசைப்பதில்லை. ரயில் யாருடைய கேற்றுக்கும் வருவதில்லை, அது தன் பாட்டுக்குப் போகிறது. பேப்பர்காரத் தம்பி கேற்றுக்கு வருகிறான். டைகர் குரைக்கிறது. அவன் போய்விடுகிறான். டைகரின் கணக்கில் அது துரத்தியதால்தான் அவன் போனான். வருடத்தில் 300க்கு மேற்பட்ட வெற்றி! இப்படி ஒரு வேலையை எந்த நாய் விடும்? நீங்கள் யன்னலைத் திறந்து "ச்சூ, சத்தம் போடாதே" என்று கத்துவதும் உதவாது. நீங்களும் கூடச் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

இதற்கு வைத்தியம் டைகரை அந்த இடத்திலிருந்து நகர்த்துவது. மதிலுக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான இடைவெளி குழல் மாதிரி, சத்தத்தை நேரே உங்கள் தலையணைக்குக் கொண்டுவரும். இரவில் அதைப் பின்பக்கக் குசினி விறாந்தையில், கதவைச் சாத்திப் படுக்க வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கள்ளருக்காகத்தான் முன்னால் கட்டியிருக்கிறேன் என்று அங்கிள் சொல்வார். அவர் காதுக்குக் கேட்காத நாய் எந்தக் கள்ளனைக் காட்டிக் கொடுக்கும் என்று நீங்கள் கேட்காதீர்கள், அவராகவே யோசிப்பார். முன் கேற்றின் கம்பிகளுக்குத் தகரம் அடித்தால் தெருவில் போகிறவர்களைக் கண்டு குரைப்பது குறையும். பகலில் நடத்திக் கூட்டிப் போக அங்கிளின் முழங்கால் விடாது என்றால், ஒழுங்கையில் நாய்ப் பிரியமுள்ள பெரிய பெடியன் ஒருவன் வாய்க்கூடு போட்டு, விடியவும் பின்னேரமும் மரைன் டிரைவ் வரை கூட்டிப் போய் வரலாம். கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் போதும். (உங்கள் மகன் வேண்டாம்.) சிரட்டைக்குள் சோறும் மீனும் அழுத்தி ஐஸ் பெட்டியில் உறைய வைத்துக் கொடுத்தால் பகலில் ஒரு மணித்தியாலம் நக்கிக்கொண்டு கிடக்கும். நலம் எடுப்பது, அதாவது விதை நீக்குவது, தெருவில் அலைவதையும் கடுவன்களின் சண்டையையும் குறைக்கும். குரைப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

டைகருக்கு எட்டு வயது என்கிறீர்கள். அல்சேஷனுக்கு அது கிழட்டுப் பருவத்தின் வாசல். அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு வருத்தம் சாதாரணம். சீமெந்துத் தரையில், இரவுக் குளிரில், வலியோடு கிடக்கும் நாய்க்குத் தூக்கம் குறையும், எரிச்சல் கூடும். எழும்பும்போது பின்காலை இழுக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அங்கிளின் மிருக வைத்தியரிடம் ஒரு தரம் காட்டச் சொல்லலாம். வலிக்கு மருந்து கொடுத்ததும் குணமே மாறிய கிழட்டு நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

கதைக்கப் போகும் முறை. கேற்றடியில் நின்று கதைக்காதீர்கள். டைகர் குரைத்துக்கொண்டிருக்கும்போதும் போகாதீர்கள். ஒழுங்கை வாட்ஸ்அப் குழுவில் ஒரு எழுத்தும் போடாதீர்கள். ஒரு ஞாயிறு பின்னேரம், அவர் காதில் மெஷின் இருக்கும்போது, நீங்கள் தனியே அல்லது அம்மாவோடு போங்கள். "அங்கிள், பொட்டக் கத்தா கரன்ன புளுவன்த?" (கொஞ்சம் கதைக்கலாமா?) என்று தொடங்குங்கள். பிழையான சிங்களம் என்றாலும் பரவாயில்லை, அது கோபத்தோடு வந்தவரின் பேச்சில்லை என்று தெரியும். முதலில் கடி: அட்டையும் கேற்றும். அதற்குச் சம்மதம் வாங்குங்கள். பிறகு, "இரவில் மெஷினைக் கழற்றி வைப்பீர்களா அங்கிள்?" என்று கேட்டு, பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றும் சொல்லாமல் அவர் கேட்டு முடிக்கும் வரை இருங்கள். அவர் முகத்தை நீங்கள் பார்ப்பது அப்போதுதான்.

தமிழர் என்பதால்தான் என்ற உங்கள் கணவரின் சந்தேகத்தை நான் தட்டிவிடப் போவதில்லை. இந்த நகரத்தில் அந்த எண்ணம் சும்மா முளைத்ததல்ல. ஆனால் இதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, தமிழ் வீட்டு நாயைப் பற்றிச் சிங்கள அயலவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அதற்குச் சாட்சி ஒன்றும் இல்லை. ஆயிரம் ரூபாய் நீட்டிய கை இருக்கிறது.

அது சரிவராவிட்டால் பொலிஸ். கடிக்காக என்றால் இப்போதேகூட ஒரு முறைப்பாடு பதிந்து வைக்கலாம். யாரையும் பிடித்து அடைக்க அல்ல, திகதியோடு ஒரு பதிவு இருக்க. எங்கள் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் ரோமன் டச்சு சட்டத்தில், வளர்ப்புப் பிராணி செய்த தீங்குக்கு உரிமையாளரிடம் நட்டஈடு கேட்க வழி உண்டு. காயப்பட்டவர் அத்துமீறி வளவுக்குள் போனதோ நாயைச் சீண்டியதோ என்றால் கதை வேறு. தெருவில் நடந்து வந்த பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. பொலிசில் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. ஆனாலும் பல இடங்களில் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சத்தத்துக்கு நான் பொலிசை விட மத்தியஸ்த சபையைத்தான் சொல்வேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபைகள் இவை. வழக்கறிஞர் உங்களுக்காக வந்து பேச முடியாது, அதனால் செலவும் இல்லை, சட்ட வித்தையும் இல்லை. மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், சம்மதித்ததை எழுதிக் கொடுப்பார்கள். வாடகைக்கு இருப்பவர் போகக் கூடாது என்று ஒன்றும் இல்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் தருவார்கள், நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் அது கையில் இருக்கட்டும். இரவு பத்திலிருந்து விடிய ஆறு வரை சத்தம் போடத் தடை என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதே என்று யாராவது உங்களுக்குச் சொல்லக் கூடும். அது ஒலிபெருக்கி வழக்கு. டைகருக்குப் பொருத்திப் பேசினால் உங்களைத்தான் சிரிப்பார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் வழி என்னவென்று எனக்குத் தெரியும். நஞ்சு தின்ற நாயை இரவு இரண்டு மணிக்கு மேசையில் படுக்க வைத்து, துடிக்கும் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். வெளியே அந்த வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையோடே நித்திரையாகிப் போயிருந்தது. அந்த இறைச்சித் துண்டை டைகர்தான் தின்னும் என்று எழுதி வைப்பதில்லை. பூனை தின்னும், காகம் தூக்கிப்போய் யாருடைய தண்ணீர்த் தொட்டியிலோ போடும், தவழும் குழந்தை எடுக்கும். 1907இலிருந்தே மிருகங்களைக் கொடுமைப்படுத்துவது இந்த நாட்டில் குற்றம். அக்காவிடம் இனி அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று நேரே சொல்லிவிடுங்கள். இந்த விஷயத்தில் அம்மாவின் வைரவர் சொல்வதுதான் சரி.

கனடாக் கருவிக்கும் செலவழிக்க வேண்டாம். மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். அந்த இடைவெளியில் கீச்சென்று ஒலியெழுப்பி நாயைத் திடுக்கிட வைப்பதுதான் கருவியின் வேலை. முதல் இரண்டு நாள் டைகர் திகைக்கும், பிறகு பழகிவிடும். ஒழுங்கையில் குரைக்காமல் கிடக்கும் மற்ற நாய்களும் சேர்ந்து அந்தத் தண்டனையை வாங்கும். குரைத்தால் ஷொக் அடிக்கும் கழுத்துப்பட்டியைப் பற்றியும் யாராவது சொல்லலாம். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் கடிநாய்க்கு அதைப் போட்டால், கேற்றடியில் அடுத்து வருபவரைக் கண்டதும் வலியை அவர் தலையில்தான் கட்டும்.

சூன் பாண் வண்டியைக் கேட்டிருந்தீர்கள். பீத்தோவனின் அந்தப் பாட்டு ஒழுங்கைக்குள் நுழைந்ததும் என் வீட்டு நாயும் மூக்கை வானத்துக்குத் தூக்கி ஊளையிடும். அதற்கு மருந்து இல்லை. ஓட்டோ ஒரு நிமிடத்தில் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும், அதற்குள் பாணை வாங்கிக்கொள்ளுங்கள்.